பைதன் என்று கூப்பிட்டால் எது வரும்?

(நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியத் துறையில் இருக்கும் எங்களை மேடைக்கு அழைத்தால் வழமையாக நீரிழிவு, டெங்கு, நாற்பது வயதுக்குப் பிறகு செய்ய வேண்டிய பரிசோதனைகள் என்றுதான் பேசச் சொல்வார்கள். இம்முறை செயலாளர் அக்கா கேட்டது வேறு. "சங்கத்தின் பதிவேடு புதுக் கணினிகளில் வேலை செய்யுதில்லை. பிள்ளைகளின் செய்நிரல் ஒரு கணினியில் ஓடுது, பக்கத்துக் கணினியில் ஓடுதில்லை. சனிக்கிழமைகளில் கூடத்துக்கு வந்து போகிற நீங்களே அதை எல்லாருக்கும் விளங்கக்கூடியதாகச் சொல்லுங்கோ" என்றார். ஆகவே இன்று நோயாளி கணினிதான்.

கணினி விஞ்ஞானம் எங்கள் தொழில் அல்ல. ஆனாலும் இரத்தப் பரிசோதனை முடிவும், கிளினிக் பதிவும், தொற்றுநோய் அறிவித்தலும் கணினிக்குள் போய்விட்ட காலத்தில், ஒரே இயந்திரத்தில் ஒரே பெயருடன் இரண்டு மென்பொருள்கள் இருந்தால் என்ன நடக்கும் என்று வைத்தியர்களும் தெரிந்திருக்க வேண்டியதாகிவிட்டது.

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கும் செய்நிரல் மொழி பைதன். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரொசம் 1991 இல் அதை வெளியிட்டார். 2000 ஒக்டோபரில் இரண்டாம் பதிப்பு வந்தது. 2008 டிசம்பர் 3 இல் மூன்றாம் பதிப்பு வந்தது. வழமையாக ஒரு மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தால் பழைய வேலைகள் அதிலும் நடக்கும். மூன்றாம் பைதனைச் செய்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டில் இருந்த பழைய குறைகளைத் திருத்துவதற்காக, இரண்டுக்கு எழுதியது மூன்றில் ஓடாமல் போனாலும் பரவாயில்லை என்று தெரிந்தே முடிவெடுத்தார்கள்.

உலகம் உடனே மாறவில்லை. 2010 இல் வந்த 2.7 என்ற பதிப்பை எல்லாரும் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கான ஆதரவை 2015 இல் நிறுத்துவதாக இருந்தது. பிறகு ஐந்து வருடம் நீடித்து, 2020 ஜனவரி 1 ஆம் திகதியோடு முடித்தார்கள். கடைசி வெளியீடான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. ஆக, பதினொரு வருடத்துக்கு மேலாக ஒரே பெயரில் இரண்டு மொழிகள் உலகெங்கும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பல கணினிகளில் ஒரே வட்டிலேயே இருந்தன.

வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ரீச்சர் பெயரைச் சொன்னதும் முன் வாங்கில் இருப்பவள் எழும்பிவிடுவாள். ரீச்சர் நினைத்தது கடைசி வாங்கில் இருப்பவளை. முன்னால் இருப்பவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கும் அதுதான் பெயர். கணினியிலும் இதேதான். "பைதன்" என்று கட்டளை கொடுத்தால், கணினியிடம் எங்கெங்கே தேட வேண்டும் என்று கோப்புறைகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, "பாத்" என்பார்கள். அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்து, அந்தப் பெயரில் முதலில் கண்ணில் படுவதை எழுப்பிவிடும். அது இரண்டா மூன்றா என்று கேட்காது, சொல்லவும் மாட்டாது.

இதனால் என்ன வரும் என்பதற்குக் கூடத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம்.

உயர்தரம் படிக்கும் தங்கை ஒருத்தி, நாங்கள் நடத்தவிருந்த சுகாதார முகாமுக்காக உடற்றிணிவுச் சுட்டியைக் கணிக்கும் செய்நிரல் எழுதினாள். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. உயரம் மீற்றரில் வேண்டும். அளக்கும் நாடா சென்ரிமீற்றரில் காட்டுவதால், முதலில் 100 ஆல் வகுத்தாள். வீட்டில் சரியாக வந்தது. 45 கிலோ, 150 சென்ரிமீற்றர் என்று போட்டால் 20. அருமையான விடை. அதே கோப்பைக் கூடத்தின் பழைய கணினியில் ஓட்டினால் 45 என்று வந்தது! பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு 52. அடுத்தவளுக்கு 38. ஒரு வகுப்பே மிகைப் பருமன்.

அந்தக் கணினியில் "பைதன்" என்றால் முதலில் எழும்பியது 2.7. பழைய பைதனில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். தசமத்தை வெட்டி எறிந்துவிடும். 150 ஐ 100 ஆல் வகுத்தால் 1.5 இல்லை, 1. நம் பாடசாலையில் ஒரு மீற்றருக்கு மேல், இரண்டு மீற்றருக்குக் கீழ் இருக்கும் எல்லாரும், அதாவது எல்லாருமே, ஒரு மீற்றர் உயரம் ஆகிவிட்டார்கள். ஒன்றின் வர்க்கம் ஒன்று. ஆகவே அவரவர் நிறையே அவரவர் சுட்டி. மூன்றாம் பைதனில் சாதாரண வகுத்தல் தசமத்தோடு விடை தரும். முழு எண் மட்டும் வேண்டுமென்றால் வகுத்தல் கோட்டை இரண்டு தரம் போட வேண்டும். பிள்ளை எழுதியதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.

(வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சுட்டியை வயதுக்கேற்ற அட்டவணையோடுதான் பார்க்க வேண்டும். அது இன்னொரு நாளைய உரை.)

இந்தப் பிழை நல்ல பிழை என்றுதான் சொல்வோம். பார்த்தவுடன் எல்லாரும் சிரித்தார்கள், ஆகவே பிடிபட்டது. எங்களுக்குப் பயம் சிரிப்பு வராத பிழைகளில். பரசிற்றமோல் பாணி ஒன்றை எடுங்கள்: 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். 13 கிலோ நிறையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் ஒரு வேளைக்கு 195 மில்லிகிராம். 195 ஐ 120 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்கினால் 8 மில்லிலீற்றருக்குச் சற்று மேலே வரும். மூன்றாம் பைதன் அப்படித்தான் சொல்லும். இரண்டாம் பைதன் முதல் வகுத்தலில் 1 என்று எடுத்து, ஐந்தால் பெருக்கி, 5 மில்லிலீற்றர் என்று அமைதியாகச் சொல்லும். ஐந்து மில்லிலீற்றர் என்பது எந்தத் தாயும் சந்தேகப்படாத அளவு, ஒரு தேக்கரண்டி. குழந்தைக்குப் போதிய மருந்து போகாது, காய்ச்சலும் இறங்காது, திரையில் எச்சரிக்கையும் வராது. (இதைக் கணக்குக்கு உதாரணமாக மட்டும் எடுங்கள். வீட்டில் மருந்து அளக்க வைத்தியர் எழுதித் தந்ததைப் பாருங்கள்.)

இன்னும் ஒன்று. 2.5 ஐ முழு எண்ணுக்குக் கிட்டியதாக்கு என்று கேட்டால் பழையது 3 என்கிறது, புதியது 2 என்கிறது. சரிநடுவில் நிற்கும் எண்ணைப் புதியது இரட்டை எண் பக்கமாகத் தள்ளும். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. எது பதில் சொல்கிறது என்று தெரியாமல் இருப்பதில்தான் நியாயமில்லை.

அந்தத் தங்கையின் செய்நிரலில் நாங்கள் கவனித்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். "உங்கள் உயரம்?" என்று கேட்கும் வசனத்தை அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதைத் தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திராது. ஏனென்றால் இரண்டாம் பைதன், தனியாக முன்னறிவித்தல் கொடுக்காவிட்டால், ஆங்கில எழுத்தல்லாத ஓர் எழுத்தைக் கண்டவுடனே முரண்டு பிடித்து நின்றுவிடும். ஒரு தமிழ்ச் சொல் இருந்திருந்தால் அது காவற்காரன் வேலை பார்த்திருக்கும்.

மூன்றாம் பதிப்புக்கு மாறியே ஆக வேண்டும் என்று தமிழரான நாம் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேளுங்கள். முதலாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்பாள். இரண்டாம் பைதனில் அதைச் சாதாரணமாக எழுதி நீளம் கேட்டால், யூ.ரி.எப்-8 முறையில் சேமித்திருந்தால், 15 என்று வரும். அது எழுத்தை எண்ணவில்லை, சேமிப்பில் பிடிக்கும் பைட்டுகளை எண்ணுகிறது. மூன்றாம் பைதன் 5 என்று சொல்லும்: த, ம, இகர விசிறி, ழ, புள்ளி. இன்னும் மூன்று ஆகவில்லை, ஆனால் வழிக்கு வந்துவிட்டது. மிச்சத்தைச் செய்வதற்கு ஓப்பன்-தமிழ் என்ற இலவச நிரலகம் இருக்கிறது. உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணி மூன்று என்று சரியாகச் சொல்லும். அதில் உழைத்தவர்களில் ஒருவரான முத்து அண்ணாமலை, முழுக்கத் தமிழ்ச் சொற்களிலேயே செய்நிரல் எழுதக்கூடிய "எழில்" என்ற மொழியையும் உருவாக்கி, 2009 இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். திரையில் காட்டுவதற்கு அதில் "பதிப்பி" என்று எழுத வேண்டும். எழில் பைதனின் மேல் கட்டப்பட்டது. ஆகவே கீழே எந்தப் பைதன் இருக்கிறது என்ற கேள்வி தமிழ்க் கணிமைக்கு வெளியாள் பிரச்சினை அல்ல.

எங்கள் வயதுக்காரருக்கு இதன் மூத்த சகோதரியையும் தெரியும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய மலர்களை வேறு கணினியில் திறந்தபோது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியதே, அதுவும் ஒரே கணினியில் இரண்டு முறைகள் மோதிய கதைதான்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். முதலில் நோய் நிர்ணயம். எது சரி, எதை அழிப்பது என்று ஓடுவதற்கு முன், இந்தக் கணினியில் எத்தனை பைதன் இருக்கிறது, பெயரைச் சொன்னால் எது எழும்புகிறது என்று பாருங்கள். விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து "வெயார் பைதன்" என்று கேட்டால், கண்ணில் படும் ஒழுங்கிலேயே இடங்களைப் பட்டியலிடும். முதலாவது வரியில் இருப்பதுதான் முன் வாங்குக்காரி. லினக்ஸிலும் மாக்கிலும் அதற்கு "விச்" என்ற கட்டளை. ஒரு சக வைத்தியரின் மடிக்கணினியில் இப்படி எண்ணிப் பார்த்தபோது ஐந்து பைதன் இருந்தது. அவர் நிறுவியது ஒன்றுதான். டெங்கு நோயாளரின் இடங்களை வரைபடத்தில் குறிக்க அவர் பாவிக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். தனக்கென்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. ஸ்கான் படங்களைப் பார்க்கும் ஸ்லைசர் இன்னொன்றைக் கொண்டுவந்திருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி தன் தலையணையையும் கொண்டுவருவதுபோல. அவை தங்கள் அறைக்குள் இருக்கும்வரை தொந்தரவில்லை. விண்டோஸ் 10 இல் 2019 முதல் இன்னொரு விசித்திரமும் உண்டு: பைதன் இல்லாத கணினியில் அந்தப் பெயரைத் தட்டினால் மைக்ரோசொப்ட் கடை திறந்துகொள்ளும். பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, பெயரோடு இலக்கத்தையும் சேர்த்துக் கூப்பிடுவது. மூன்று பேரில் ஒருத்தியை முதலெழுத்தோடு கூப்பிட்டால் அவள் மட்டும்தான் எழும்புவாள். பைதன் 3.3 இலிருந்து விண்டோஸில் "பை" என்ற சிறு உதவியாளன் வருகிறது. "பை" என்று தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் பூச்சியமும் போட்டால் இருக்கும் பதிப்புகளின் பட்டியலைக் காட்டும். கழித்தல் குறியோடு 3.8 என்று போட்டால் 3.8 தான் வரும், 2.7 என்று போட்டால் 2.7 தான் வரும். கூடத்து மேசைத்தளத்தில் இருந்த குறுக்குவழிப் படங்கள் எல்லாவற்றையும் இப்படி இலக்கம் சொல்லும்படி மாற்றினோம். கால் மணித்தியால வேலை. அன்றோடு பிள்ளைகளின் உயரம் திரும்பி வந்தது.

மேலதிகப் பொதிகளை இறக்கும் "பிப்" என்ற கருவியிலும் இதே கவனம் வேண்டும். வெறுமனே "பிப்" என்று சொன்னால், அது எந்தப் பைதனின் பிப் என்று தெரியாது. ஒரு பைதனுக்கு வாங்கிய சாமானை மற்றதன் அலுமாரியில் வைத்துவிட்டுப் போய்விடும். பிறகு பிள்ளை "இப்பதானே இறக்கினேன், இல்லை என்று சொல்லுதே" என்று அழுவாள். முதலில் பைதனை இலக்கத்தோடு கூப்பிட்டு, கழித்தல் குறியும் "எம்" என்ற எழுத்தும் போட்டு, அதன் பிறகு பிப்பைச் சொன்னால், யாருடைய பிப் என்ற கேள்வி வராது.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது என்பார்கள். சரிதான், ஆனால் இரண்டு உறை வாங்கலாமே. அந்த உறைக்குப் பெயர் மெய்நிகர் சூழல். இதை எல்லா வீட்டுப் பெண்களும் ஏற்கெனவே அறிவார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் குசினி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், விரத நாளுக்கென்று ஒரு சட்டி தனியாக, துணி சுற்றி, மேல் தட்டில் இருக்கும். மச்சக் கறிச் சட்டியை எத்தனை தரம் கழுவினாலும் அதில் கந்தசஷ்டிக்குச் சமைக்க மாட்டோம். அடுப்பு ஒன்றுதான், சட்டி வேறு. பைதன் 3.3 முதல் "வீஎன்வ்" என்ற வசதி கூடவே வருகிறது. ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் ஒரு கோப்புறையில் அதைக் கொண்டு தனிச் சூழல் அமைக்கலாம். அந்தச் சூழலை எந்தப் பைதனால் அமைத்தீர்களோ, அதற்குள் "பைதன்" என்றால் அதுதான். அதற்குள் இறக்கும் பொதிகளும் அதற்குள்தான் கிடக்கும். பக்கத்துச் சட்டியில் மீன் வாசம் வராது.

பைதன் ஒரே பதிப்பாக இருந்தாலும் இது தேவை. நம்பை என்ற கணித நிரலகத்தின் 2.0 பதிப்பு 2024 ஜூனில் வந்தபோது, முந்திய பதிப்பை நம்பிக் கட்டிய பல பொதிகள் சறுக்கின. ஒரு செயற்றிட்டத்துக்குப் பழைய நம்பை, இன்னொன்றுக்குப் புதியது என்றால் தனித்தனிச் சட்டிதான் வழி. இது பைதனுக்கு மட்டும் உரிய வியாதியும் அல்ல. நம் நாட்டுச் சுகாதாரத் துறையிலும் பாவிக்கப்படும், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்ற தகவல் முறைமை ஜாவா மொழியில் ஆனது. அதன் ஒவ்வொரு காலப் பதிப்பும் ஒவ்வொரு ஜாவாவைக் கேட்கும். 2020 ஜனவரியில் கோவிட் விமானநிலையத்துக்கு வந்து இறங்கிய நேரத்தில், வரும் பயணிகளைக் கண்காணிப்பதற்கான பகுதியை அந்த முறைமையில் முதன்முதல் செய்தவர்கள் இலங்கையர்கள்தான் என்பதை இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.

பிள்ளைகள் அடிக்கடி செய்யும் ஒன்று: கொட்டாஞ்சேனையில் வீட்டுக் கணினியில் அமைத்த சூழல் கோப்புறையை அப்படியே பென்ட்ரைவில் போட்டு, பஸ்ஸில் கொண்டுவந்து, கூடத்துக் கணினியில் ஒட்டுவது. அது வேலை செய்யாது. சூழலுக்குள் முழுப் பைதனும் இல்லை. வீட்டுக் கணினியில் பைதன் இருக்கும் இடத்தைச் சுட்டும் முகவரிதான் இருக்கிறது. கொழும்பு 13 முகவரியை வைத்துக்கொண்டு கொழும்பு 6 இல் வீடு தேடுவதுபோல. சட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், சாமான் பட்டியலைக் கொண்டு வாருங்கள். பிப்பிடம் "பிரீஸ்" என்று சொன்னால் இருக்கும் பொதிகளை இலக்கத்தோடு எழுதித் தரும். அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து, அதன் தலையில் பைதன் எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவந்தால், இங்கே ஐந்து நிமிடத்தில் அதே சூழலைத் திரும்ப அமைத்துவிடலாம்.

பதிப்பு இலக்கத்தில் புள்ளிக்குப் பின்னால் இருப்பதும் முக்கியம். கூடத்துப் பழைய கணினிகள் விண்டோஸ் 7. அதில் நிறுவக்கூடிய கடைசிப் பைதன் 3.8, 3.9 ஏறாது. வீட்டில் புதியது வைத்திருக்கும் பிள்ளை "மெட்ச்" என்ற கூற்றைப் பாவித்து எழுதிக்கொண்டு வருவாள். அது 2021 ஒக்டோபரில் 3.10 உடன் வந்தது. இங்கே ஓட்டினால் பிழை என்று நிற்கும். இதைக் கண்டு ஆசிரியை பிள்ளையை ஏசக்கூடாது, பிள்ளையும் கணினியை ஏசக்கூடாது. 3.8 க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 ஒக்டோபரோடு நின்றுவிட்டன. ஆகவே அந்தக் கணினிகளை இணையத்தில் விடாமல் பயிற்சிக்கு மட்டும் வைத்திருப்பது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். மாற்றுவதற்குப் பணம் இருந்தால் அதைவிட நல்லது. வெளிநாட்டு அக்காமார் கேட்டுக்கொள்ளுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. "இரண்டு பைதன் இருக்கிறது, ஒன்றைக் கழற்றிவிடுவோம்" என்று முறைமையோடு வந்த பைதனில் கை வைக்காதீர்கள். உபுண்டு போன்றவற்றில் பல உள் வேலைகள் அதை நம்பித்தான் நடக்கின்றன. வயிற்றைத் திறந்தவுடன் தேவையில்லாததுபோலத் தெரிகிற ஒன்றைப் பிடுங்கி எறிகிற சத்திரசிகிச்சை நிபுணரை யாரும் விரும்பமாட்டார்கள். அண்மைய பதிப்புகளில் முறைமைப் பைதனுக்குள் நேரே பொதி இறக்கப் போனாலே பிப் மறுத்துவிடும்; அதை வலுக்கட்டாயமாக மீறும் வழியைச் சில பிள்ளைகள் எங்கோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வேண்டாம், தங்கச்சி. தனிச் சூழல் அமைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பதிவேடு.

நம் சங்கத்தின் பதிவேட்டுச் செய்நிரலை 2012 இல் எழுதித் தந்தவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். 2.7 இல் எழுதினார். அந்த நாளில் அதுதான் நியாயமான தெரிவு. பத்து வருடத்துக்கு மேல் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. அதற்கு முன்பு வெள்ளவத்தையில் ஒரு கொப்பியும் கொட்டாஞ்சேனையில் ஒரு கொப்பியுமாக இருந்த பெயர்களை முதன்முதல் ஒன்றாக்கியது அந்தச் செய்நிரல்தான். அதைப் புதுக் கணினிகளில் ஏற்றுவதற்காக 2.7 ஐயும் அவற்றில் நிறுவலாமா என்று கேட்டார்கள். முடியும், ஆனால் நாங்கள் மறுத்தோம். திருத்தம் வராத மென்பொருளை இணையத்தில் இருக்கும் இயந்திரங்களில் பரப்பக்கூடாது. பழைய கணினி ஒன்றை இணையத் தொடர்பு இல்லாமல் அப்படியே வைத்துக்கொண்டு, செய்நிரலை மூன்றாம் பதிப்புக்கு மாற்றுவது என்று தீர்மானித்தோம்.

மாற்றுவதற்கு டூ-டு-த்ரீ என்ற கருவி இருந்தது, பைதன் 3.13 இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் பழைய மூன்றாம் பதிப்புகளோடு கிடைக்கும். எழுத்திலக்கண மாற்றங்களை அது தானாகச் செய்துவிடும். வகுத்தலை மட்டும் தொடாது, ஏனென்றால் எழுதியவர் முழு எண்ணை நினைத்தாரா தசமத்தை நினைத்தாரா என்று கருவிக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் புது இயந்திரம் வந்தால் ஒரே இரத்த மாதிரியைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிடுவது எங்கள் வழக்கம். அதேபோலப் பழைய கணினியில் ஓட்டிய பட்டியலையும் புதியதில் ஓட்டிய பட்டியலையும் அச்சடித்து வரி வரியாக வைத்துப் பார்த்தோம். சந்தாவில் வித்தியாசம் தெரிந்தது. 5,000 ரூபாவைப் பன்னிரண்டு தவணையாக்கினால் பழையது 416 என்று வெட்டியிருந்தது. பன்னிரண்டு தவணையும் கட்டியவர் கணக்கில் 4,992. இத்தனை வருடமாக ஆளுக்கு எட்டு ரூபாய் எங்கே போகிறது என்று தேடிய பொருளாளர் அக்காவுக்கு அன்றுதான் நிம்மதி.

கடைசியாக ஒன்று எங்களை நிறுத்தியது. பெயர்களை முகவரி ஒழுங்கில் அடுக்கும்போது புதிய செய்நிரல் பாதியில் நின்று பிழை காட்டியது. காரணம் இதுதான். முகவரி இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் "ஒன்றுமில்லை" என்ற வெறுமை இருக்கிறது. இரண்டாம் பைதன் வெறுமையை எல்லாவற்றிலும் சிறியதாக எடுத்துக்கொண்டு பட்டியலின் தலையில் சத்தமில்லாமல் அடுக்கிவிடும். அச்சடிக்கும்போது உறைக்கு முகவரி இல்லாத அந்தப் பக்கங்களை நாம் வழமையாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். மூன்றாம் பைதன் அப்படி விடாது. வெறுமையையும் முகவரியையும் ஒப்பிடச் சொன்னால், முடியாது, இவர்களை என்ன செய்வது என்று நீயே சொல் என்று நின்றுவிடும்.

நின்றதால்தான் அந்தப் பெயர்களை முதல் தடவையாக ஒவ்வொன்றாக வாசித்தோம். பலருடைய வரியில் கடைசியாக இருந்த வருடம் 1983. ஜூலைக்குப் பிறகு கப்பலில் போனவர்கள், இந்தியாவுக்குப் போனவர்கள், எங்கே என்று எழுதப்படாதவர்கள். சிலருக்கு வீட்டுப் பெயர் மட்டும் இருக்கிறது, ஒழுங்கையின் பெயர் இருக்கிறது, இப்போது அந்த இடத்தில் தொடர்மாடி இருக்கிறது. திருமணத்துக்குப் பின் பெயர் மாறியதால் தொலைந்தவர்களும் இருக்கலாம்.

அவர்களுக்கென்று தனிப் பட்டியல் ஒன்றை எடுக்கும்படி செய்நிரலில் நான்கு வரி சேர்த்தோம். அந்தப் பட்டியலை வகுப்பு வருட ஒழுங்கில் பெரிய எழுத்தில் அச்சடித்து, வாசலுக்கருகே பதிவு மேசையில் வைத்திருக்கிறோம். யாருடைய மகள், எந்த ஒழுங்கை, யாரோடு ஒன்றாக பஸ்ஸில் வந்தவள் என்று தெரிந்தாலும் போதும், பக்கத்தில் எழுதுங்கள். பென்சில் கட்டி வைத்திருக்கிறோம்.